காலுவிடம் திரும்பி வந்த பேச்சு

செல்வி, அருள், உங்கள் அப்பா நான் பேசாமல் இருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். வேறு வீட்டில் யாருக்காவது இப்படி வந்திருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

அந்தமானில், நம் லாங் ஐலண்ட் மர ஆலையில் வேலை நேரத்தில் என் வலது கையிலிருந்து சுத்தியல் நழுவியது. எடுக்கக் குனிந்தேன். கை சொன்னதைக் கேட்கவில்லை. "என்னண்ணே?" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். பதில் மனதில் இருந்தது, வாய்க்கு வரவில்லை.

போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டர். "பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கைக்கு வேலை கொடுங்க" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னார்.

வீட்டில் அம்மா உங்களை முன்னால் நிறுத்தி, "இது யாரு, சொல்லுங்க" என்பாள். எனக்குத் தெரியும். ஆனால் 'ம்ம்' என்றுதான் வரும். அருள் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வான். கையைவிட அதுதான் வலித்தது.

காலு பயப்படவில்லை. நம் கறுப்பு நாய், மெயின்லாண்டுக்குத் திரும்பிய ராஞ்சிக்காரர் விட்டுப்போனது. அதற்குத் தமிழ் தெரியாது, பழைய வீட்டு இந்திதான். சோறு போட்டவள் அம்மா. கயிறு இழுத்து விளையாடியவன் நான். அது ஒட்டிக்கொண்டது என்னிடம்தான்.

ஒரு நாள் கயிற்றைக் கொண்டுவந்து என் செத்த கையில் வைத்தது. அருளைத் தரையோடு இழுத்துப்போகிற நாய், என்னிடம் மெல்ல இழுத்தது. நான் பிடிக்கும்வரை நின்றது. விரல் இறுகியதும் இழுப்பைக் கொஞ்சம் கூட்டியது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு? தினமும் இதே ஆட்டம். ஒரு மாலை கயிறு கையைவிட்டுப் போகப்போனது. என்னை அறியாமல் "சோடோ!" (இந்தியில் 'விடு') என்று கத்திவிட்டேன்.

காலு விட்டது.

"பெத்த பிள்ளைங்க பேரு வரல, நாய்கிட்ட இந்தி மட்டும் வருதாக்கும்!" அம்மா அழுதுகொண்டே திட்டினாள்.

"அப்பா, எங்ககிட்டயும் இந்தியிலயே பேசுங்க, பரவால்ல" என்றாய் செல்வி நீ.

"தேடினா வராத சொல், விளையாட்டுல தானா வரும்" என்றார் டாக்டர். "அந்த நாலு கால் டாக்டரை நிறுத்திடாதீங்க." சோடோவுக்குப் பின் 'ஆவோ' வந்தது, பிறகு அதுவே தமிழில் 'வா', பிறகு உங்கள் பெயர்கள்.

வலது கை இன்னும் பாதிதான் எனது. ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்போது நேரம் பெரிதாகிவிடுகிறது. முன்பு அது எனக்குத் தெரியாது.

நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள் காலுவை மட்டும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். நாய் விளையாடக் கூப்பிடும்போது முன்னங்காலை நீட்டித் தாழ்ந்து பின்பக்கத்தைத் தூக்கும், பார்த்திருப்பீர்கள். கூப்பிடச் சொல் தேடாமல், நானும் மணலில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தினேன். தூரத்தில் நண்டு துரத்திக்கொண்டிருந்த காலு நின்று திரும்பிப் பார்த்தது. நான் அப்படியே காத்திருந்தேன்.