அக்காவைக் கூட்டிவந்த மாத்திரை

பிரஷர் மாத்திரை மேல் ஒருத்திக்கு ஆசை வரும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு வந்தது.

1993இல் விழுப்புரத்தில் என் அக்கா மார்பில் கட்டி வந்து இறந்துபோனாள். கட்டி இருப்பதை யாருக்கும் சொல்லாமல் இரண்டு வருஷம் மறைத்திருந்தாள். ஆம்பிளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற வெட்கம். வெட்கமாம்! அந்தக் கோபத்தில்தான் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். திண்டிவனத்து டாக்டர், இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்து, தினமும் போடச் சொன்னார்.

அப்போது எனக்கு விழுப்புரத்தில் ஆபீஸ், திண்டிவனத்தில் வீடு. சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே கண் சொக்கும். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் அந்தத் தூக்கத்துக்குள் கனவு வரத் தொடங்கியது. விக்கிரவாண்டியில் அக்கா ஏறுவாள். கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்க மாட்டார். மடி நிறைய வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. ஒரு கையாலேயே உடைத்து என் உள்ளங்கையில் போடுவாள். இன்னொரு கை முந்தானையை இடது மார்போடு அழுத்திப் பிடித்திருக்கும்.

"இன்னாடி, இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கிற?" என்பாள்.

நான் மல்லாட்டையை மென்றுகொண்டிருப்பேன். பக்கத்தில் அவள் இருப்பதே போதும். மஞ்சள் வெயில் அவள் கன்னத்தில் விழும். வெளியே கரும்புத் தோட்டங்கள் சத்தமே இல்லாமல் மிதந்து போகும். பஸ் எந்த ஊருக்கும் போய்ச் சேர வேண்டாம் என்றிருக்கும்.

டாக்டரிடம் கனவைப் பற்றிச் சொன்னேன். "அந்த மாத்திரை சிலருக்கு அப்படித்தாம்மா. பேஜாரா இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்" என்றார். பேஜாரா, எனக்கா? வேண்டவே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ரிட்டயர் ஆன பிறகும் வாரத்துக்கு ஒருமுறை விழுப்புரம் போனேன். அக்கா மகளைப் பார்க்க என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் திரும்பிவரும் பஸ்ஸில் தூங்கத்தான் போனேன்.

2009 என்று நினைக்கிறேன். அன்று கனவில் எனக்குப் பொறுக்கவில்லை. "கைய எடுக்கா, நான் பாக்கறேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். திண்டிவனம் வந்துவிட்டதென்று கண்டக்டர் கத்த, விழித்துக்கொண்டேன். என் கை என் மார்பின் மேல் இருந்தது. விரலுக்கடியில், மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு, ஏதோ கெட்டியாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மகளிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோதனையெல்லாம் முடிந்ததும், ஆரம்பத்திலேயே வந்துவிட்டதால் குணமாக்கிவிடலாம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. பிரஷர் மாத்திரையால்தான் இது வந்தது என்று சொந்தக்காரர்கள் சொன்னதை அவரிடமே கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இந்த நோய்க்கு அது நல்லது செய்யுமான்னுகூட ஆராய்ச்சி நடக்குது. எதுவும் இன்னும் உறுதியாகல. ஆனா உங்க நாடி ரொம்ப மெதுவா போகுது. நாங்க போடப்போற ஊசி இதயத்துக்குச் சிரமம் குடுக்கும். அதனால பிரஷருக்கு வேற மாத்திரை தர்றேன்."

மார்பை எடுக்க வேண்டும் என்றபோது தலையாட்டினேன். முடி கொட்டும் என்றபோதும் தலையாட்டினேன். மாத்திரைக்கு மட்டும் முடியவே முடியாது என்றேன்.

"இன்னாம்மா நீ, ஒரு மாத்திரைக்குப் போயி சண்டை போட்டுக்கினு இருக்கிற? உயிரு வேணாமா?" என்று மகள் கத்தினாள்.

உயிர் வேண்டும். அதுதான் சங்கடம். புது மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

ஊசியெல்லாம் முடிந்து, முடியும் முளைத்தது. பழையபடி விழுப்புரம் பஸ்ஸில் போய்வந்தேன். நன்றாகத் தூங்கினேன். விக்கிரவாண்டியில் யார் யாரோ ஏறினார்கள். மாதக்கணக்கில் அவள் வரவில்லை.

அடுத்த பரிசோதனையின்போது டாக்டரம்மாவிடம், பழைய மாத்திரையையே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? பிரஷர் இப்ப அருமையா இருக்கே."

"அக்காவ பாக்கணுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, நாடி மறுபடியும் எறங்கிடும்" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மகள் பதறிப்போய், எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

"பெரியம்மா செத்துட்டாடி" என்றேன்.