அவர் கேட்டுக்கொண்டிருந்த வெல்டிங்

என் கணவர் வளைகுடாவுக்கு வெல்டராகப் போனபோது, செங்கம் சாலையில் இருந்த எங்கள் பட்டறையை மூடிவிடலாம் என்றுதான் பேசினோம். எனக்கு மனம் வரவில்லை. அவரோடு வேலை பார்த்த மேஸ்திரி கேட், கிரில் அடிப்பது, நான் ஆர்டர் பிடித்து இரும்பு வாங்கிப் போடுவது என்று முடிவானது.

அதுவரை வெல்டிங்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோனவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் முகம் ஷீல்டுக்குப் பின்னால் இருந்தது. என் முகத்துக்கு முன்னால் எதுவுமில்லை. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி நீராகக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து போட்டு, கண் திறக்கும்வரை அவர்தான் சோறு ஊட்டினார்.

மேஸ்திரியிடம் கழிவு இரும்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகினேன். போன வருஷம், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதிக்கு கேட் பாதி முடிந்திருந்த நேரம், தன் மகளின் பிரசவத்துக்காக மேஸ்திரி வேலூர் போய்விட்டார். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வருவதற்குள் கேட்டை மாட்டியாக வேண்டும் என்றார் விடுதிக்காரம்மா. வெள்ளிக்கிழமை கணவருக்கு லீவு. போன் போட்டு, நானே அடிக்கப்போகிறேன் என்றேன். என்ன புடவை கட்டியிருக்கிறாய் என்று கேட்டார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. நைலக்ஸ்ல பொறி பட்டா உருகி உடம்போட ஒட்டிக்கும்."

நூல் புடவைக்கு மேல், ஆணியில் மாட்டியிருந்த அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதில் இன்னும் அவர் வாசனையும் இரும்பு வாசனையும் இருந்தன. அவருடைய ஷூவில் துணி அடைத்துக் காலை நுழைத்தேன். கையுறை ஈரமில்லையே என்று கேட்டார். இரும்பில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, மெஷினின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டச் சொன்னார். வீடியோவைப் போட்டு போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, ஷீல்டை முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

முதல் தொடலிலேயே வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது.

"கரண்ட் கம்மியா இருக்கு. கொஞ்சம் ஜாஸ்தி வை."

"அந்த வெளிச்சத்துல உங்களுக்கு என்னங்க தெரியுது?"

"எனக்கு இங்க எல்லாம் வெள்ளையாதான் இருக்கு. நான் பாக்கல, கேக்கறேன். வடகம் பொரியற மாதிரி ஒரே சீரா கேக்கணும்."

அடுத்த முறை அப்படியே கேட்டது. ஆறவிட்டு, அவர் சொன்னபடி கண்ணாடி போட்டுக்கொண்டு மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டினேன். கீழே பளபளவென்று தையல்போல ஒரு வரி. நிமிர்ந்து பார்த்தால், அங்கே அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எப்பங்க வருவீங்க?"

"அடுத்த ஜாயின்ட்டை அடி. போனை மட்டும் கட் பண்ணாத, பட்டறையிலயே இருக்கற மாதிரி இருக்கு."

சாயங்காலம்வரை அடித்தேன். பௌர்ணமிக்கு முன்பே கேட்டை மாட்டிவிட்டோம்.

மேஸ்திரி திரும்பி வந்த பிறகும் வெள்ளிக்கிழமை வேலையை நான்தான் பார்க்கிறேன். கணவருடைய ஒப்பந்தம் மறுபடி நீண்டுவிட்டது. நான் அனுப்பும் படங்களைப் பார்த்து, நல்லாயிருக்கு என்கிறார். அவர் நேரில் வந்து வரியை விரலால் தடவி, இங்க குழி விழுந்திருக்கு பாரு என்று குறை சொல்ல வேண்டும்போல் இருக்கிறது எனக்கு.