தொடையில் எழுதிய விரல்

திருநெல்வேலி ஜவுளிக்கடையில் திரும்பி வரும் சேலைகளுக்கு ரசீது எழுதுவது என் வேலை. எங்கள் மேற்பார்வையாளருக்கு நெற்றி நிறையத் திருநீறு. பிள்ளையார் சுழி போடாமல் எந்தத் தாளிலும் எழுதமாட்டார். நான் எழுதும்போது எதிரே உட்கார்ந்து, என் கை போகும் போக்கிலேயே தன் விரலைத் தொடையில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

திரும்பி வராத சேலைகளுக்குப் பணம் கொடுத்ததாகப் போலி ரசீதுகள் பிடிபட்டன. எல்லாம் என் கையெழுத்து. வேதக்காரனான நான் தாளின் தலையில் போடும் சின்னச் சிலுவைகூட இருந்தது.

"நான் எழுதல அண்ணாச்சி" என்றேன்.

மேற்பார்வையாளர் பைய என் காதருகே குனிந்தார். "நல்லா பாருலே. இதுல எது ஒன் எழுத்துன்னு ஒனக்கே தெரியுதா?"

தெரியவில்லை. வேலை போயிற்று.

இப்போது வேறு கடை. நேற்று நான் எழுதிய ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் பிள்ளையார் சுழி.