பெட்டியில் வரைந்த துப்பாக்கி

கல்லூரி விழாவுக்கான ஒலிபெருக்கிப் பெட்டியில், துப்பாக்கி ஏந்திய ஹிப்ஹாப் பாடகன் ஒருவனை என் மகள் வரைந்துகொண்டிருந்தாள். மில்லர்புரத்து வீடெங்கும் எனாமல் பெயின்ட் வாடை. எழுபதுகளில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட சித்தப்பாவின் ரேடியோ செட் கடையில் வீசிய அதே வாடை.

கப்பலில் வேலை பார்த்த மாமா ஜமைக்காவிலிருந்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்திருந்தார். அதன் உறையில் சடைமுடிக்காரன் ஒருவன் துப்பாக்கியை நீட்டிச் சிரித்தான். சித்தப்பா அந்தப் படத்தையே தம் ஒலிபெருக்கிப் பெட்டியில் தீட்டி, பக்கத்துக் கடற்கரை ஊரின் கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோனார், நானும் போயிருந்தேன். முந்தைய மாதம் அவ்வூரில் வலைத் தகராறொன்றில் ஓர் இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

பாட்டு தொடங்கியதும் இறந்தவனின் அண்ணன் அரிவாளோடு வந்தார்.

"என் தம்பியச் சுட்டவனுக்குப் படம் போட்டுக் கொட்டடிக்கியோ?"

"அண்ணாச்சி, அவன் வெளிநாட்டுப் பாட்டுக்காரம்லா."

"பாட்டுக்காரனுக்குத் துப்பாக்கி எதுக்குலே?"

அவர் அரிவாளை ஓங்கியபோது, சித்தப்பா படத்தைக் காக்க வலக்கையை அதன்மேல் விரித்தார். விரல்கள் மணலில் விழுந்தன. சடைமுடிக்காரனின் சிரிப்பின்மேல் இரத்தம் வழிந்தது. மறுவெட்டில் பெட்டி பிளந்த பிறகே பாட்டு நின்றது.

வெட்டியவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

"அப்பா, துப்பாக்கி நிஜம் மாதிரி இருக்கா?" என்றாள் மகள்.

தூரிகையைப் பிடித்திருந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டுக்காரனுக்கு அது எதுக்கும்மா?" என்றேன்.