வெள்ளிக்கிழமையில் மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரிக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள் என்று இணையத்தில் பார்த்த இடமெல்லாம் எழுதியிருந்தது. நாங்கள் வெள்ளிக்கிழமைதான் போனோம். எல்லாம் அம்மாவின் பிடிவாதம்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. அதற்குச் சேர்த்த பணத்தில் கை வைக்கக் கூடாது, இரண்டு பேரும் போய்வர ஆயிரத்து ஐந்நூறுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை மட்டாஞ்சேரியில்தான் இருந்தோம். அப்பா ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அம்மா கூலிக்குச் சுக்குத் தரம் பிரிக்கப் போனாள். கிடங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தவர் ஆயிஷா. கோவைக்கு வந்தபின் தொடர்பு விட்டுப்போனது. அம்மாவுக்கு மலையாளம் எழுத வராது, ஆயிஷாவுக்குத் தமிழ் படிக்க வராது.

"நடக்க முடியறப்பவே அவள ஒருதடவ பாத்துடணும். உசுரோட இருக்காளான்னாவது தெரிஞ்சுக்கணும்" என்றாள் அம்மா.

"சனிக்கிழமை போலாமே, எனக்கு லீவு" என்றேன்.

"வெள்ளிக்கிழமைதான்." நல்ல நாள் பார்க்கிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

கோவையில் காலை ஆறரைக்கு ரயில். முன்பதிவில்லாத பெட்டி, ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பாலக்காட்டில் பிரெட் ஆம்லெட் வாங்கினோம், ஒன்று ஐம்பது. அம்மா தன்னுடையதை முடித்துவிட்டு என்னுடையதிலும் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டாள். ஜன்னலோர இடத்தையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

பத்தரைக்கு எர்ணாகுளம். ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு, ஆளுக்கு ஆறே ரூபாய், இருபது நிமிடம். இதைவிட மலிவான கடல் காற்று எங்கும் கிடைக்காது என்று அடித்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை இந்தப் படகில் அக்கரைக்கு அழைத்துப் போவார். துறையில் இறங்கி ஆளுக்கொரு கடலைப் பொட்டலம், அடுத்த படகில் வீடு. அதுதான் எங்கள் சுற்றுலா. இருந்த பணம் அவ்வளவுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பா இப்போது இல்லை.

பாதி வழியில்தான் அம்மா வாயைத் திறந்தாள். "வெள்ளிக்கிழம மத்தியானம் ஆம்பளைங்க தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருவாங்க. கிடங்குல வேல நிக்கும். நானும் அவளும் பின்னாடி காயலோரம் உக்காந்து சாப்புடுவோம். அன்னிக்கு நமக்குக் கவிச்சி ஆகாதுன்னு அவளும் மீன் கொண்டுவர மாட்டா. எனக்கும் சேத்துக் கப்பக்கிழங்கும் காந்தாரி மொளகா அரச்ச சம்மந்தித் தொவையலும் கொண்டுவருவா." கிழமையின் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர். முட்டி நன்றாக இருப்பவர்கள் பஜார் சாலை வழியாக நடக்கலாம். நாங்கள் எழுபது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னு வெள்ளியாழ்ச்சயல்லே சேச்சி! கொட்டாரம் அடவாணு. ஜூதப்பள்ளியும் இல்லா." வெள்ளிக்கிழமை அரண்மனையும் மூடல், யூதர்களின் ஜெப ஆலயமும் மூடல். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலையில் நுழைந்ததும் மிளகும் சாக்கும் கலந்த அந்தப் பழைய வாசனை. ஆனால் எங்கள் கிடங்கு இருந்த இடத்தில் பழம்பொருள் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பித்தளை விளக்குகள், உள்ளே குளிர்சாதனம். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எதிர்ச் சாயாக்கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு சாயா வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் ஆயிஷாவைப் பற்றிக் கேட்டேன்.

"சுக்கு ஆயிஷா இத்தாவோ? இவிடத்தன்னே உண்டு. ஆ வழிலே, பச்ச கேட்டு" என்று பக்கத்துச் சந்தைக் காட்டினார். அம்மா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். முட்டி வலியைக் காணோம்.

பச்சை கேட்டைத் திறந்தது மருமகள் ஷாஹினா. அவளுக்குப் பின்னால் சுவரைப் பிடித்தபடி வந்தார் ஆயிஷா. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "செல்வியே! நீ இத்தர தடிச்சுப் போயல்லோ!" என்றார். அம்மா குண்டாகிவிட்டாளாம். கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும்தான்.

தொழுகை முடிந்து மகன் வந்ததும் சாப்பாடு. எங்களுக்கும் அவருக்கும் சோறும் மீன் கறியும். ஆயிஷா முன்னால் மட்டும் தனித்தட்டில் கப்பைக்கிழங்கும் சம்மந்தியும்.

"உம்மா வெள்ளியாழ்ச்ச மீன் தொட மாட்டாங்க. நான் கல்யாணம் கழிஞ்சு வந்த நாள் முதல் இப்படித்தான். எதுக்குன்னு கேட்டா பறைய மாட்டாங்க" என்றாள் ஷாஹினா.

"ஓ, அதொரு சீலம்" என்றார் ஆயிஷா. சும்மா பழக்கமாம்.

வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத வழக்கத்தை அம்மா கோவைக்கு வந்த சில வருடங்களிலேயே விட்டுவிட்டாள். காலையில் தின்ற ஆம்லெட் இன்னும் செரித்திருக்காது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, மீன் கறிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து ஆயிஷாவின் தட்டிலேயே கை வைத்தாள்.

ஐந்து மணிப் படகில் திரும்பினோம். மொத்தச் செலவு, ஆயிஷாவுக்கு வாங்கிப் போன மைசூர்பாகு உட்பட, ஆயிரத்து நூறுக்குள். நீங்கள் போவதாக இருந்தால்: அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, ஜெப ஆலயத்துக்கு வெள்ளியோடு சனியும். ஞாயிறு முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள். படகுக்குச் சில்லறை எடுத்துப் போங்கள். ஜெப ஆலயத்தை ஒட்டிய ஜூ டவுன் கடைகளில் முதலில் சொல்லும் விலையைக் கேட்டு மிரளாதீர்கள். அங்கே உங்களுக்கென்று ஒருவர் இருந்தால் கிழமை பார்க்காமல் கிளம்பிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, முட்டைக் குழம்பு வைக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி" என்றாள்.