சீனக் கப்பலுக்கு ஏற்றிய மல்லிகைச் சரம்

1. கப்பலில் யார் பெரியவர்

பிள்ளைகளே, சீனக் கப்பலில் முதன்முதல் ஏறிய அன்று கப்டனுக்குக் கைகொடுத்தேன். அவருக்குப் பக்கத்தில் நின்றவரைக் கவனிக்காமல் விட்டேன். சாதாரண நீலச் சட்டை, தோளில் பதவிப் பட்டி ஒன்றும் இல்லை. சாமான் ஓடர் தாளைக் கப்டனிடம் நீட்டினேன். வாசித்தார், தலையாட்டினார், பிறகு அந்த நீலச் சட்டைக்காரரின் முகத்தைப் பார்த்தார். அவர் அசையவில்லை. ஓடர் கையெழுத்தில்லாமல் என்னிடமே திரும்பி வந்தது.

எங்கள் முதலாளி கிண்ணியா ஹாஜியார். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி, மீன், சவர்க்காரம் என்று எல்லாம் சப்ளை செய்பவர். நான் அவரிடம் வாட்டர் கிளாக். படகில் போய் ஓடர் எடுப்பதும் சாமான் ஏற்றுவதும் என் வேலை. நடந்ததைச் சொன்னேன்.

"அவர் கம்யூனிஸ்ட் கட்சி ஆள், தம்பி. கப்டன் கப்பல ஓட்டுவார். கப்பலுக்குள்ள இருக்கிற மனிசர இவர்தான் ஓட்டுவார். நாளைக்குப் போய் முதல்ல இவருக்கு வணக்கம் சொல்லு."

அப்படியே செய்தேன். ஓடர் கிடைத்தது. அதில் பன்றி இறைச்சியும் இருந்தது. ஹாஜியார் பட்டியலைப் பாதியில் மடித்து என்னிடம் தந்தார். "கீழ் வரியில என்ன கிடக்கெண்டு நான் பாக்கயில்ல. அத நீயே பாத்துக்கொள்."

2. சமையல்காரர் சென்

சீனத் தலைநகரில் மாணவர்கள் சதுக்கத்தில் கூடியிருந்த வருடம் அது. இங்கே இந்திய இராணுவம் நின்றது. உரம் கொண்டுவந்த சீனக் கப்பலொன்று, மூட்டை இறக்க ஆள் இல்லாமல் வாரக்கணக்காக நங்கூரத்தில் கிடந்தது. ஊரடங்கு, ஹர்த்தால் என்று ஒருநாள் வேலை நடந்தால் மறுநாள் நடக்காது.

அந்தக் கப்பலின் சமையல்காரர் சென். என்னைவிட வயதில் மூத்தவர். எங்கள் இருவருக்கும் தெரிந்த இங்கிலீஷைச் சேர்த்தாலும் ஒருவருக்குப் போதாது. ஆனாலும் குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "ஒரு மகள். பீஜிங். படிப்பு. லண்டன் ரேடியோ என்ன சொல்லுது?"

அந்தக் கப்பலிலும் ஒரு கட்சி ஆள் இருந்தார்; செய்தி கேட்பது அவர் மட்டும்தான். அன்றிலிருந்து லண்டன் தமிழ்ச் செய்தியில் கேட்டதை மறுநாள் சென்னுக்குச் சொல்லுவேன். பீஜிங்கில் இராணுவம் மாணவர்களைச் சுட்டது என்று கேட்ட மறுநாளும் போனேன். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். மகள் அனுப்பிய கடித உறையொன்றை எடுத்து, அவள் இங்கிலீஷில் எழுதியிருந்த விலாசத்தைக் காட்டினார். அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது உங்கள் அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். படைக்கு ஆள் சேர்க்கப் பிள்ளை பிடிக்கிற காலம் அது. மூத்தவனே, உன்னைச் சாம்பல்தீவில் சித்தி வீட்டில் ஒளித்து வைத்திருந்தோம். நீ இருக்கிறாயா என்று யாராவது வந்து சொல்லும்வரை அம்மா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "அந்த மனிசனுக்கு எப்பிடியாவது விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

ஹாஜியாரின் மருமகன் கொழும்பில் ஒரு கப்பல் ஏஜென்ட் கந்தோரில் வேலை பார்த்தார். அவர் மூலம் அந்த விலாசத்துக்குத் தந்தி போனது. அதற்குள் கட்சி ஆள் கப்பலில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்: வெளியாள் ஒருவரும் ஏறக்கூடாது, மாலுமிகளோடு கதைக்கக்கூடாது. சாமான் கயிற்றில் கட்டிய கூடையில் மேலே போகும். ஒவ்வொரு கூடையையும் அவரே கிண்டிப் பார்ப்பார்.

3. நல்ல சேதி

மருமகன் ஒரு காலை தொலைபேசியில் சொன்னார்: பிள்ளை சுகம், தாயோடு ஊரில் இருக்கிறாள். ஹாஜியார் கண்ணை மூடி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். ஆனால் கப்பல் அன்று பின்னேரம் புறப்படுகிறது. துறைமுகப் பாஸ் படகோட்டி நசாருக்கு மட்டும்தான் கிடைத்தது. துண்டு எழுதிக் கொடுக்கலாம் என்றால் கேற்றில் படையினர் தடவிப் பார்ப்பார்கள், மேலே கட்சி ஆள். நசாரிடம் ஹாஜியார் கண்டிப்பாகச் சொன்னார்: "கையக் கிய்யக் காட்டிப்போடாத. அந்த மனிசனுக்குத்தான் கரைச்சல்."

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முற்றத்து மல்லிகையை ஆய்ந்து நீளமாய் ஒரு சரம் கட்டினார். "பூவை ஆர் மறிக்கப்போயினம்? அந்தப் பிள்ளையின்ர தலைக்கெண்டு அனுப்புங்கோ. தகப்பனுக்கு விளங்கும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. நசார் அதைக் கீரைக் கட்டுக்கு மேல் வைத்துக் கொண்டுபோனான்.

திரும்பி வந்து சொன்னான்: "கட்சி ஆள் பூவ எடுத்துப் பாத்திட்டு ஒண்டும் சொல்லாமச் சமையல்காரரிட்டக் குடுத்தார், அண்ணன். அவர் அப்பிடியே டெக்கில குந்தி அழுதார். சந்தோசத்திலயும் மனிசர் அழுறதுதானே."

நானும் அம்மாவும் ஹாஜியாரும் அன்று நிம்மதியாக இருந்தோம்.

அடுத்து வந்த சீனக் கப்பலில் கட்டுப்பாடு குறைந்திருந்தது. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த ஓர் இளம் அதிகாரி இருந்தார். பெயரோ கப்பலோ சொல்லாமல், கப்பல்காரர் ஒருவருக்கு நல்ல சேதி சொல்லப் பூ அனுப்பிய கதையை அவருக்குப் பெருமையாகச் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை என்றேன். அவருடைய சிரிப்பு நின்றது. தங்கள் ஊரில் வெள்ளைப் பூ சாவுக்கு என்றும், பெண் பிள்ளை தலையில் அதைச் செருகுவது வீட்டில் யாராவது இறந்தால்தான் என்றும் மெல்லச் சொன்னார்.

உரக் கப்பல் இங்கிருந்து கராச்சி போய், ஆபிரிக்கா சுற்றி, மாதக்கணக்கில் கழித்துத்தான் ஊர் திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் மறைக்க ஏலவில்லை. கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஊருக்குப் போனவுடன மகளைக் கண்டிருப்பார்தானே?"

"ஓம்."

"அது வரைக்கும்?"

அந்தக் கப்பல் பிறகு எங்கள் துறைமுகத்துக்கு வரவேயில்லை.

சின்னவனே, சீனக் கம்பனி போடும் ரோட்டில் உனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நாடு எங்கள் துறைமுகத்தை எடுக்கப்போகிறது, எங்களைக் கடனில் அமுக்கப்போகிறது என்று ஆளாளுக்குக் கதைப்பார்கள். அதில் எவ்வளவு சரி என்று சொல்ல எனக்குப் படிப்புக் காணாது. எனக்குத் தெரிந்தது கப்பலில் வந்த மனிதரை மட்டும்தான். அவர்களோடு வேலை செய்யும்போது, உனக்கு நல்லதாகப் படுவது அவர்களுக்கும் நல்லதா என்று வாய்விட்டுக் கேள். கேட்க வழியில்லாவிட்டால் ஒன்றும் அனுப்பாதே. அன்று கீரை மட்டும் போயிருந்தால், சென் நம்பிக்கையோடாவது கடலுக்குப் போயிருப்பார்.