ஏத்தத்துல இழுக்குமா?

எனக்கு மூக்குமேல் கோபம் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேம்ரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எனக்கு வேலை. மூட்டையைக் கொண்டுவந்து வைத்ததும் மேலே இருக்கிற தளிரை நான் பார்ப்பதே இல்லை. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியில் இருப்பதை ஒரு பிடி அள்ளி வெளியே எடுப்பேன். அடியில் முற்றின இலையை அமுக்கிவிட்டு மேலே நல்லதைப் பரப்புகிற வேலையெல்லாம் என்னிடம் நடக்காது. நம்ம ஆள், நேப்பாளி, வங்காளி, யார் மூட்டையாக இருந்தாலும் என் கை அடிவரைக்கும் போய்விட்டுத்தான் வரும்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கப் போய் ஏமாந்தேன். லயத்தில் இப்போது யாராவது எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டால் கடைப் பெயரைச் சொல்வதில்லை. கடைக்காரன் முதலில் என்ன கேட்கிறான் என்று பார் என்கிறேன். அது எப்படி எனக்குத் தெரிந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மனைவி பத்தொன்பது வருஷம் கொழுந்து பறித்தவள். வலது தோள் பிடித்துக்கொண்டு, கை மேலே தூக்க முடியாமல் போனதும் வேலையை விட்டாள். இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை நான் கவனித்தேன். என்னவென்று கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், கம்போங் ராஜா போகிற பாதையில் இருக்கும் தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கேண்டீன் நடத்துகிற அம்மா ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். நேரத்துக்கு வர முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். இதைச் சொல்லும்போது என் மனைவி சிரித்தாள். எத்தனையோ நாளுக்கப்புறம் அப்படிச் சிரித்தாள். அந்த வேலை அவளுக்கு நிலைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர். நடுவில் தேயிலை ஃபேக்டரியை ஒட்டிச் செங்குத்தான ஏத்தம். தோட்டத்து லாரி ஏழு மணிக்குத்தான் கிளம்பும். என் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாமென்றால், அதே நேரத்தில் தோட்டத்தின் இன்னொரு கோடியில் ஆள் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் நான் நிற்க வேண்டும். அவளுக்கு மோட்டார் லைசன்ஸ் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிள் ஓட்டியிருக்கிறாள். அதனால் மிதிக்கவும் செய்யலாம், பேட்டரியிலும் ஓடும் என்கிற சைக்கிளை வாங்குவதென்று முடிவு செய்தோம். முடிவு செய்தேன் என்றே எழுதலாம்.

மலையை விட்டு இறங்கி ஈப்போவில் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏர்கோன், குடிக்கக் குளிர்ந்த மைலோ. தமிழ்ப் பையன்தான், வாய் நிறைய அண்ணே அண்ணே என்றான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். கேம்ரன் என்றேன். ஸ்ட்ராபெரி கொண்டுவந்தீங்களா என்று சிரித்தானே தவிர, மலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னான். பலகை மாதிரி சமதரை. சும்மா தொட்டதும் சைக்கிள் பறந்தது. மூன்று சுற்று சுற்றினேன். என் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். சீட்டில் உட்கார்ந்து பாருங்கள் என்று அவளிடம் அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, ஏத்தத்துல இழுக்குமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "புதுசு லா, இழுக்காம என்ன?" என்றேன். அவன் தலையாட்டினான். இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினான். வாரண்டி என்றான். படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். அடியில் கையை விடாமல் நான் எடுத்துக்கொண்ட முதல் மூட்டை அது.

எங்கள் மலையில் இருக்கிற கோலா தெர்லாவுக்கு வெறும் கூடைகளோடு திரும்பிய காய்கறி லாரியில் சைக்கிளை ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பேட்டரிக்குக் குங்குமம் இட்டு, லயத்துக்கே அதை ஓட்டிக் காட்டினேன். லயத்துக்கு முன்னாலும் சமதரைதான்.

அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சைக்கிள் எப்படி என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்பாள். ஐந்தேகாலுக்குக் கிளம்பியவள் நாலேமுக்காலுக்கே கிளம்பினாள். கேட்டதற்கு, தேங்காய் துருவுகிற வேலை கூடிவிட்டது என்றாள். சாயங்காலம் உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறித்த கை, வேலை இல்லாமல் மிருதுவாகிவிட்டது போல என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் ஃபேக்டரி கேட்டில் காவல் நிற்கிற ஜாகா என்னை நிறுத்தினார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அக்கா ஏன் தினமும் இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏத்தம் ஏறுகிறார், நடுவில் இரண்டு மூன்று தடவை நின்று தோளைப் பிடித்துக்கொள்கிறார், உடம்புக்கு ஏதாவதா என்று.

அன்றைக்கு மூட்டைகளில் என் கை போனதே தவிர, என்ன எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"நீங்கதானே இழுக்கும்னு சொன்னீங்க. இழுக்கலேன்னு சொன்னா அந்தப் பையன்கூடச் சண்டைக்குப் போவீங்க. அதோட நிக்குமா? வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்டுல கெடன்னு சொல்லுவீங்க."

அந்த வார்த்தை அப்போது என் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. முழுங்கினேன்.

சண்டைக்கு மட்டும் ஈப்போவுக்குப் போனேன். பையன் நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படித்துக் காட்டினான். செங்குத்தான பாதையில் ஓட்டினால் அந்த மோட்டாருக்குக் கடை பொறுப்பில்லையாம். மலைப்பாதைக்கென்று நீங்கள் சொல்லவே இல்லையே அண்ணே என்றான். கேம்ரன் என்றால் கடற்கரையா, உனக்குத் தெரியாதா என்று கடையே அதிரக் கத்தினேன். மைலோ கொடுத்தானே, அதையும் சேர்த்துத் திட்டினேன். ஆனால் பஸ்ஸில் மலை ஏறி வரும்போது, வளைவுக்கு வளைவு ஒரே நினைப்பு. ஏத்தம் என்று ஒரு ஆள் சொல்லத்தானே செய்தாள். அவள் வாயை அடைத்தது அவன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜாவில் மோட்டாரும் சைக்கிளும் பார்க்கிற ஒரு பாயின் கடைக்குப் போனோம். ஏர்கோன் இல்லை, டயர் நாற்றம். நான் ஆரம்பித்தேன். ஈப்போ பையனின் வண்டவாளத்தை எல்லாம் தண்டவாளத்தில் ஏற்றினேன். பாய் கைக் கிரீஸைத் துணியில் துடைத்தபடி கடைசிவரை கேட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஓட்டப் போறது யாரு? அக்காதானே? அவங்க பேசட்டும் லா" என்றார்.

சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தேன்.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தொடங்கியவள் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. சீட் உயரமாக இருப்பதால் நின்றால் கால் தரையில் எட்டவில்லையாம். வலது கையால் பிரேக்கை இறுக்கினால் தோளில் மின்னல் அடிக்கிறதாம். இறக்கத்தில் அவளுக்குப் பயமாம். வெங்காயமும் நெத்திலியும் அவளே வாங்கிக்கொண்டு போவதால் முன்கூடை எப்போதும் கனமாம். பனி கொட்டும்போது விளக்கு பத்தடிக்குமேல் தெரிவதில்லையாம். ஏத்தத்தின் பாதியில் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடுமாம். ஒருநாள் பின்னால் வந்த லாரிக்குப் பயந்து வாய்க்காலில் இறங்கி நின்றாளாம். இருபத்தாறு வருஷம் கூடவே இருக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. டயர்மேல் உட்கார்ந்திருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்கு வெளியே போய் நின்றேன்.

பாய் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இந்த வண்டியில் மோட்டார் சக்கரத்தில் இருக்கிறது, சமதரைக்கு நல்லது, உங்கள் ஏத்தத்துக்கு ஆகாது, என்ன ரிப்பேர் செய்தாலும் ஆகாது. மிதிக்கட்டையோடு மோட்டார் சேர்ந்த வண்டி ஒன்று இருக்கிறது, அது ஏறும். பெட்டியில் போட்டிருக்கிற தூரத்தை நம்பாதீர்கள், மலையிலும் குளிரிலும் பாதிதான் ஓடும். பேட்டரியை வீட்டுக்குள் எடுத்துவைத்து, ஈரம் துடைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள். வழியில் நின்றால் போன் அடியுங்கள், நானே வருகிறேன். எதற்கெல்லாம் அவர் பொறுப்பு, எதற்கெல்லாம் இல்லை என்பதைத் தமிழில் எழுதி அவள் கையில் கொடுத்தார். பழைய வண்டியைச் சமதரையில் இருக்கிற யாருக்காவது, மலை ஏறாது என்று சொல்லியே விற்றுத் தருவதாகச் சொன்னார்.

ஏறும் என்று சொன்ன வண்டியின் சீட்டை இறக்கினார். வலது பக்கத்துப் பிரேக்கை இடதுபக்கம் மாற்றினார். முன்கூடையில் ஒரு சின்ன அரிசிப் பையை வைத்து, கடைக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் அவளையே ஏறச் சொன்னார். ஏறினாள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று அப்போதும் சொல்லவில்லை. மூன்று நாள் உங்கள் பாதையில் ஓட்டுங்கள், அப்புறம் முடிவைச் சொல்லுங்கள் என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பாய் என் போனுக்குத்தான் அடித்தார். என்ன அண்ணே, வண்டியை வச்சுக்கிறீங்களா என்றார். சரி என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான், கொஞ்சம் பொறுங்க பாய், ஓட்டுறவங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நிறுவை இடத்தில் இன்னொரு ஆளை நிற்கவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மோட்டாரை விட்டேன்.

கேண்டீன் வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். உங்கள் வீட்டுக்காரம்மா ஒரு நாளும் பிந்தவில்லை, அடுத்த மாதமும் அவரேதான் என்றார். தள்ளிக்கொண்டு வந்த நாட்களிலும் அவள் பிந்தவில்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

உள்ளே அவள் தேங்காய்ப்பால் சோற்றை நாசி லெமாக் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்க மிளகாய்ச் சம்பல். பாய்க்குப் போன் போட்டு, நானே அவள் காதோரம் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்டது எனக்கும் கேட்டது. பழக்கதோஷத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் நாக்கு நுனிவரைக்கும் பதில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அவள் போன் பக்கம் குனிந்தாள். பிறகு சொன்னாள்.

"வேணும் பாய். எனக்கு வேணும்."

வீட்டுக்கு வேணும், பிள்ளைக்கு வேணும், உங்களுக்கு வேணும் என்று ஆயிரம் தடவை அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு வேணும் என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.